வயிறும் வியாபாரமும்

மாமல்லபுரத்துக் கற்கோயில்களைச் சுற்றி 100 மீட்டர் தூரத்துக்குள் எவரும் புதிதாக ஒரு சுவர் எழுப்பக்கூடாது என்பது சட்டம். புராதனச் சின்னங்களைப் பற்றிய சட்டத்தை 2010ஆம் வருஷத்தில் பார்லிமெண்ட் திருத்தி அமைத்தபோது இந்த எல்லை உறுதி செய்யப்பட்டது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரையில் அனுமதி பெற்றே கட்டடம் கட்டவேண்டும். இதனால் அவ்வூர்வாசிகளுக்குச் சங்கடங்கள் உண்டு. பழைய வீட்டைச் செப்பனிடுவதற்கும் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. என்றாலும், அப்படி ஒரு சட்டம் இருக்கிறதென்பதை அறியாதவர் அங்கே இருக்க முடியாது. ஆயிரத்து முந்நூறு வருஷங்களாகக் கடற்காற்றில் நிற்கும் கல்லுக்கு இத்தகைய காவல் அவசியந்தான். அதைப் பற்றி நமக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் இதே தேசத்தில் மற்றொரு தூரமும் சட்டத்தினால் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. அது பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள 50 மீட்டர். கொழுப்போ, சேர்க்கப்பட்ட சர்க்கரையோ, உப்போ மிகுந்த உணவுப் பண்டங்களைப் பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச் சாலையிலும், விடுதிச் சமையலறையிலும், பள்ளி எல்லையிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் பள்ளிக் குழந்தைகளுக்கு விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2020ஆம் வருஷத்தில் விதி வகுத்தது. செங்கற்பட்டு ஜில்லாவில் ஏதேனும் ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் மணியடிக்கும் வேளையில் நின்று பாருங்கள். பளபளக்கும் பொட்டலங்கள் தோரணம் போலத் தொங்குகின்றன. ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் பிள்ளைகள் வாங்கிப் பிரித்துத் தின்கிறார்கள். கடைக்காரரைக் கேட்டால், 'அப்படி ஒரு விதியா?' என்பார். ஆசிரியரைக் கேட்டாலும் அதே பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

கல்லுக்குரிய 100 மீட்டரை ஊரெல்லாம் அறிந்திருக்க, குழந்தைக்குரிய 50 மீட்டரை அறிந்தவர்கள் அரியராக இருப்பது ஏன்? கல்லின்மேல் வைத்துள்ள அக்கறையை நம் மக்களின் வயிற்றின்மேல் நாம் வைக்கவில்லை என்பதுதான் இதன் பொருளா? இந்த விஷயத்தைப் பொதுஜனங்களும் சர்க்காரும் நிதானமாக யோசிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் எதைக் குற்றம் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். உணவைப் பதப்படுத்துவதே குற்றம் என்று அறிவுள்ள எவரும் சொல்லமாட்டார்கள். நெல்லை அவித்துப் புழுங்கலாக்குவதும், மாவரைத்துப் புளிக்கவைப்பதும், பாலைத் தயிராக்குவதும், மீனை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்குவதும் பதப்படுத்தும் முறைகளே. இவை இல்லாமல் மனிதன் நாகரிக வாழ்வு வாழ்ந்ததே இல்லை. நாம் பேசுவது வேறு சரக்கைப் பற்றி. பிரேஸில் தேசத்தில் ஸாவோ பாவ்லோ சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்லோஸ் மாண்டேரோ என்ற பேராசிரியரும் அவரது சகாக்களும் உணவுகளை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றுள் நான்காவது வகையே மிகைப்பதன உணவு. தானியத்தையும் எண்ணெய் வித்தையும் கரும்பையும் ஆலைகளில் கூறு கூறாகப் பிரித்து, மாச்சத்து, சர்க்கரைப் பாகு, சுத்திகரித்த எண்ணெய், புரதத் தூள் என்று தனித்தனியே எடுத்து, பின்னர் அவற்றை நிறமும் மணமும் சேர்த்து ஒட்டவைத்து உண்டாக்கும் பண்டம் அது. வீட்டுச் சமையலறையில் கிடைக்காத சரக்குகள் அதில் இருக்கும். உறையில் அவற்றின் பெயர்களும் எண்களும் பொடி எழுத்தில் நீண்டுகொண்டே போகும். குளிர்பானம், உடனடி நூடுல்ஸ், ஆலைச் சிப்ஸ், கிரீம் பிஸ்கோத்து, செயற்கைப் பழரசம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்திலே ஓர் இடையன் பசுவின் பாலைக் கறந்துகொண்டிருக்கிறான். பசு தன் கன்றை நாவினால் தடவிக்கொடுக்கிறது. அந்தச் சிற்பத்தைக் கண்டு வெயிலில் வெளியே வருகிற யாத்ரிகர் ஐஸ்கிரீம் என்று எண்ணி வாங்கும் பண்டத்தில் சில சமயங்களில் பாலின் கொழுப்பே இருப்பதில்லை. தாவர எண்ணெயைக் கடைந்து, சர்க்கரையும் கெட்டியாக்கும் சரக்குகளும் கூட்டி உறையவைத்ததற்கு 'ஃப்ரோஸன் டெஸர்ட்' என்று பெயர். சட்டப்படி அந்தப் பெயரை உறையில் போட்டுவிட்டால் போதும். கையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு உருகுமுன் தின்ன அவசரப்படும் குழந்தை அந்தப் பெயரைப் படித்துப் பொருள் தெரிந்துகொள்ளும் என்று சட்டம் எண்ணுகிறது போலும்!

இனி, இத்தகைய உணவு வயிற்றில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாம் உண்ட உணவின் பெரும்பகுதி சிறுகுடலில் ஜீரணமாகி இரத்தத்தில் சேருகிறது. அங்கே ஜீரணமாகாத நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போகிறது. அது வீணாவதில்லை. பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாசம் செய்கின்றன. அவை அந்த நாரைப் புளிக்கச் செய்து சில மென்மையான அமிலங்களை உண்டாக்குகின்றன. குடலின் உட்சுவரிலுள்ள அணுக்களுக்கு அவ்வமிலங்களே முக்கிய ஆகாரம். உட்சுவரின்மேல் வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று திரைபோல் படர்ந்து, நுண்ணுயிர்கள் சுவரைத் தொடாமல் காக்கிறது. கீரையும் பருப்பும் தவிடு நீங்காத தானியமும் உண்பவன் தனக்கு மட்டுமன்றி, தன் குடலில் குடியிருக்கும் இந்தச் சிற்றுயிர்களுக்கும் சோறு போடுகிறான் என்று சொல்லலாம்.

மிகைப்பதன உணவில் நார்ச்சத்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. நுண்ணுயிர்களுக்கு இரை குறைகிறது. இரை கிடைக்காத நுண்ணுயிர்கள் சளிப்படலத்தையே அரித்துத் தின்னத் தொடங்குகின்றன என்பது எலிகளைக்கொண்டு செய்த சோதனைகளில் தெரிந்திருக்கிறது. மலச்சிக்கலும் அதனால் வரும் மூலத் தொல்லையும் நார்க்குறைவின் நேரான பலன்கள். இவற்றைப் புரிந்துகொள்ளச் சோதனைச்சாலையும் வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம், இந்தப் பண்டங்களில் சேர்க்கும் சரக்குகள். எண்ணெயும் நீரும் பிரியாமல் கூட்டி வைப்பதற்காகச் சேர்க்கும் பொருள்களுள் கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ், பாலிஸார்பேட் 80 என்ற இரண்டும் பிரசித்தமானவை. பொட்டலத்தின் பின்புறத்தில் 466, 433 என்ற எண்களாக இவை மறைந்திருக்கும். இவற்றை நீரில் கலந்து கொடுத்தபோது எலிகளின் குடற் சளிப்படலம் மெலிந்து, குடலில் இலேசான அழற்சி உண்டானதென்று 2015ல் 'நேச்சர்' சஞ்சிகையில் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 2022ல் ஆரோக்கியமான மனிதர்கள் சிலருக்கு முதற்சொன்ன சரக்கை 11 நாள் கொடுத்துப் பார்த்தபோது அவர்களுடைய குடல் நுண்ணுயிர்களின் கூட்டம் மாறுதலடைந்தது. நாம் மேலே கூறிய நல்ல அமிலங்கள் குறைந்தன. பரிசோதனை சிறியதுதான். ஆனால் அது காட்டும் திசை தெளிவானது.

மூன்றாவது, பெருந்தொகையான ஜனங்களைப் பல வருஷம் கவனித்து எழுதிய கணக்கு. இந்தியா உள்ளிட்ட 21 தேசங்களில் 35 முதல் 70 வயதுக்குட்பட்ட 1,16,087 பேரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த முடிவு 2021ல் பிரிட்டிஷ் வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. அவர்களுள் 467 பேருக்குத் தீராத குடல் அழற்சி நோய் புதிதாகக் கண்டது. நாள்தோறும் ஐந்து தடவையோ அதற்கு மேலோ மிகைப்பதன உணவை உண்டவர்களுக்கு, ஒரு தடவைக்கும் குறைவாக உண்டவர்களைவிட அந்நோய் வரும் வாய்ப்பு சுமார் 80 சதவீதம் அதிகமாக இருந்தது. பாலையும், தானியத்தையும், பருப்பையும், காய்கனிகளையும், பதப்படுத்தாத மாமிசத்தையும் தனித்தனியே கணக்கிட்டபோது அப்படிப்பட்ட தொடர்பு காணப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே உண்ட பொருளைக் காட்டிலும் அதை ஆலையில் உருமாற்றிய விதத்திலேயே தீங்கு இருக்கக்கூடும் என்ற சந்தேகம் வலுப்படுகிறது.

'கணக்குகள் தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிரூபிக்கமாட்டா' என்று உணவு ஆலைக்காரர்கள் சொல்வதுண்டு. அது ஓரளவு நியாயமான பேச்சே. பொட்டலத் தீனி தின்பவர்களிடம் வேறு கெட்ட வழக்கங்களும் இருக்கலாம். மிகைப்பதன உணவு என்ற பெயரின் கீழ் எல்லாப் பண்டங்களையும் ஒரே மூட்டையில் கட்டுவது சரியா என்று நடுநிலை விஞ்ஞானிகளும் விவாதிக்கிறார்கள். ஆயினும் 2025 நவம்பரில் 'லான்ஸெட்' சஞ்சிகை இவ்விஷயத்துக்கென்றே மூன்று கட்டுரைகளை வெளியிட்டது. அதில் 104 நெடுங்கால ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கிப் பார்த்தார்கள். 92ல் ஏதேனும் ஒரு நோயின் அபாயம் அதிகரித்திருக்கக் கண்டார்கள். ஊரில் நூறு வீடுகளில் தொண்ணூறு வீட்டார் புகை நாறுகிறதென்று சொல்லும்போது, நெருப்பைக் கண்ணால் கண்ட பிறகுதான் குடம் எடுப்போம் என்று எவரும் உட்கார்ந்திருப்பதில்லை.

இதெல்லாம் அந்நிய தேசத்து விஞ்ஞானம், நமக்குப் புதிது என்று எவரும் எண்ணவேண்டாம். ஆலையில் தீட்டிய உணவுக்கும் நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை முதலில் ஆராய்ந்த இடங்களுள் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருந்தது. பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்வதற்காக 1918ல் நீலகிரியிலுள்ள குன்னூரில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மக்காரிஸன் என்ற வைத்தியர் ஆராய்ச்சி தொடங்கினார். சத்துக்கள் நீங்கிய உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்து, அவற்றுக்கு வயிற்றுப்போக்கும் குடல் அழற்சியும் காண்பதை அவர் சில வருஷங்களுக்குள் உலகத்துக்கு அறிவித்தார். பிற்காலத்தில் இந்தியாவின் பல பிரதேசங்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சீக்கியர்களின் கோதுமை ரொட்டியும் பாலும் காய்கறியும் உண்டவை செழித்தன. சென்னை மாகாணத்தாரின் உணவை உண்டவை நலிந்தன. நம் பழைய உணவெல்லாம் அமிர்தம் என்று பெருமை பேசுவோர் இதை மறக்கலாகாது. தீட்டிய அரிசிச் சோற்றைக் குவித்து, கறி பேருக்குத் தொட்டுக்கொள்வதும் குறையுள்ள உணவே. நாம் பழமையைப் பழமை என்பதற்காகப் போற்றவில்லை. வயிற்றுக்கு எது நன்மை என்பதே கேள்வி.

குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958ல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அந்த நிறுவனமே 2024 மே மாதத்தில் இந்தியர்களுக்கான உணவு நெறிகள் பதினேழை வெளியிட்டு, மிகைப்பதன உணவைக் குறைக்கும்படி கேட்டுக்கொண்டது. இந்தியாவின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் தகாத உணவினால் விளைவதென்றும் அது மதிப்பிட்டது. குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய எச்சரிக்கை நூறு வருஷத்துக்குப் பின்னும் எச்சரிக்கையாகவே இருக்கிறது!

நம் தலைவர்களும் இதைக் காணாமல் இல்லை. மகாத்மா காந்தி 1934ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நிறுவியபோது, தஞ்சாவூரிலே பிறந்த ஜே. சி. குமரப்பா அதன் பொறுப்பை ஏற்றார். கைக்குத்தல் அரிசிக்காகவும் செக்கெண்ணெய்க்காகவும் அவர்கள் செய்த பிரசாரம் வெறும் கைத்தொழில் பிரசாரம் அல்ல. ஆரோக்கியப் பிரசாரமும் ஆகும். எண்ணெயை ஆலையில் இறுகச் செய்து நெய்யின் இடத்தில் விற்ற வனஸ்பதியை மகாத்மா 1946ல் வெளிப்படையாகக் கண்டித்தார். அன்று முக்கியமான குறை, அது நெய்யில் கலப்படத்துக்கு உதவுகிறது, நெய்யின் போஷணை அதில் இல்லை என்பதே. வனஸ்பதியில் உள்ள 'டிரான்ஸ்' கொழுப்பு இருதயத்துக்குக் கேடு என்பது பிற்கால விஞ்ஞானம் கண்டுபிடித்தது. அந்தக் கொழுப்பை 2 சதவீதத்துக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் அமலுக்கு வந்தது 2022 ஜனவரி முதல் தேதியில்! ஒரு சந்தேகம் எழுந்து அதற்குச் சட்டம் பிறக்க எழுபத்தைந்து வருஷம் ஆயிற்று. அதற்குள் எத்தனை தலைமுறை அதை உண்டு முடித்தது! மிகைப்பதன உணவிலும் அதே எழுபத்தைந்து வருஷம் காத்திருப்பது நமக்குத் தகுமா?

'உண்பதும் தவிர்ப்பதும் அவரவர் இஷ்டம். நாவை அடக்கத் தெரியாதவனுக்குச் சட்டம் என்ன செய்யும்?' என்று சிலர் கேட்பார்கள். திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் மூலிகைகளை அடுக்காமல், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே பெரிதும் வற்புறுத்தினார். அந்தப் புத்திமதி என்றைக்கும் உண்மை. ஆனால் அதைப் பின்பற்றுவதற்கு, தன் இலையில் இருப்பது என்னவென்று உண்பவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். போதும் என்று வயிறு சொல்வதும் காதில் விழவேண்டும். இன்றைய பண்டத்தில் இரண்டுமே இல்லை. 2019ல் அமெரிக்க சர்க்காரின் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் மிகைப்பதன உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். முன்னே வைத்த உணவில் சர்க்கரையும் கொழுப்பும் நாரும் உப்பும் இருவகையிலும் சமமாகவே இருந்தன; வேண்டிய அளவு உண்ணலாம் என்றும் விட்டிருந்தார்கள். மிகைப்பதன உணவை உண்ட நாட்களில் அவர்கள் தம்மை அறியாமலே தினம் சுமார் 500 கலோரி அதிகமாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை கூடினார்கள். மெல்லவேண்டாத மென்மையும், விழுங்கத் தூண்டும் சுவையும் வயிற்றின் சொல்லை முந்திக்கொள்கின்றன. அடக்கம் இல்லாதவன் என்று உண்பவனைப் பழிப்பது, வலையை விரித்துவிட்டு மீனைப் பழிப்பது போன்றதாகும்.

ஏழைத் தாய்மாரைப் பழிப்பதும் நியாயமன்று. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலுள்ள மீனவர் குப்பங்களில் பெண்கள் விடியுமுன் எழுந்து, படகு கரைசேரும் வேளையில் நின்று, மீனைக் கூடையில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறார்கள். அவர்களுக்கு அடுப்பு மூட்ட நேரம் ஏது? பிள்ளையின் கையில் ஐந்து ரூபாயைக் கொடுத்தால் அது ஒரு பொட்டலத்தால் பசியாறுகிறது. பசி ஆறுவதும் போஷணை பெறுவதும் ஒன்றல்ல என்பதை அந்தத் தாயும் அறிவாள். அவளுக்கு உபதேசம் செய்வதில் பயன் இல்லை. அவள் பிள்ளைக்கு அதே நேரத்தில் சூடான உணவு கிடைக்கும்படி செய்வதே உதவி.

தமிழ்நாட்டுக்கு அந்த வழி தெரியாததன்று. காமராஜர் காலத்தில் 1956ல் மதிய உணவு பரவியது, 1982ல் எம். ஜி. ராமச்சந்திரன் சத்துணவாக விரித்தார்; 2022 செப்டம்பர் 15ல் 1,545 பள்ளிக்கூடங்களில் காலைச் சிற்றுண்டி தொடங்கி, அடுத்த வருஷம் சுமார் 31,000 சர்க்கார் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, பொங்கல், கிச்சடி, காய்கறிச் சாம்பார் என்று அந்தச் சிற்றுண்டியை வகுத்தவர்கள் பிஸ்கோத்துப் பொட்டலத்தைக் கொடுத்துக் கைகழுவவில்லை; அடுப்பை மூட்டினார்கள். இது பாராட்டத்தக்கது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள்ளே சர்க்கார் பணத்தில் ஊட்டும் நன்மையை வாசலுக்கு வெளியே ஐந்து ரூபாய்ப் பொட்டலம் அழிக்க விட்டுவிடலாமா?

மத்திய சர்க்காரின் போக்கோ இன்னும் விசித்திரமாக இருக்கிறது. பார்லிமெண்டில் 2026 ஜனவரியில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கை, இந்தியாவில் மிகைப்பதன உணவின் சில்லறை விற்பனை 2006ல் 90 கோடி டாலராக இருந்தது 2019ல் சுமார் 3,800 கோடி டாலராகப் பெருகியதென்று கவலை தெரிவித்தது. காலை 6 மணி முதல் இரவு 11 மணி வரையில் இவற்றின் விளம்பரத்தைத் தடுப்பதைப் பற்றி ஆலோசிக்கலாம் என்றும் சொல்லிற்று. நல்ல யோசனையே. ஆனால் அதே சர்க்கார் காலத்தில், 2025 செப்டம்பர் 22 முதல், பிஸ்கோத்து, சாக்லேட், ஐஸ்கிரீம், உடனடி நூடுல்ஸ் முதலியவற்றின் வரி 5 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டது. சர்க்கரை சேர்த்த வாயு பானத்துக்கு மட்டும் 40 சதவீதம் வைத்தார்கள், அது சரியே. மற்றவற்றின் விலையைக் குறைப்பதற்கு ஒரு கையெழுத்து. அவற்றைக் குறைத்து உண்ணும்படி எச்சரிப்பதற்கு இன்னொரு கையெழுத்து. எந்தக் கையை ஜனங்கள் நம்புவது?

எச்சரிக்கை முத்திரையின் கதையும் இப்படியே. பொட்டலத்தின் முகப்பில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுதி என்று பெரிதாக அச்சிடவேண்டுமென்று பொதுநல ஊழியர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2022ல் வெளியிட்ட நகல் விதியில் எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திரம் வழங்க முன்வந்தது. அந்த முறைப்படி, கொஞ்சம் நாரோ புரதமோ சேர்த்துவிட்டால் சர்க்கரையின் குற்றம் ஓரளவு கழிந்துபோகும். மிகக் கெட்ட பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உண்டு! நட்சத்திரம் என்பது நம் ஜனங்களுக்குப் பரிசின் அடையாளம். அதைக் கண்டு எந்தத் தாய் பயப்படுவாள்? வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2025 ஏப்ரலில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் மூன்று மாதத்துக்குள் நிபுணர் குழு சிபார்சு செய்யவேண்டும் என்று உத்தரவிட்டார்கள். பின்னர் அந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது. அந்த வருஷம் முடியும் வரையில் முத்திரை கட்டாயமாகவில்லை.

பிற தேசங்கள் இதைச் செய்து பார்க்காமல் இல்லை. தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசம் 2016ல் எட்டு மூலைக் கறுப்பு முத்திரையைப் பொட்டலங்களின் முகப்பில் இடச் செய்தது. முத்திரை பெற்ற பண்டங்களைப் பள்ளிகளில் விற்பதையும், குழந்தைகளுக்கு விளம்பரம் செய்வதையும் தடுத்தது. அதன்பின் சர்க்கரைப் பானங்களை ஜனங்கள் வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்தது. மெக்ஸிகோ 2020ல் அவ்வழியைப் பின்பற்றியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் கறுப்பு முத்திரையைக் கண்டுகொள்வார். பள்ளி வாசலில் சோதனைக்கு வரும் அதிகாரிக்கும் அதுவே அளவுகோல் ஆகும். இங்குள்ள 50 மீட்டர் விதி ஏன் பயனற்றுக் கிடக்கிறதென்றால், எது விலக்கப்பட்ட பண்டம் என்பதைக் கடைக்காரரோ அதிகாரியோ பார்த்தவுடன் தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் இல்லை. ஆகையால் முத்திரையும் தூரமும் ஒன்றையொன்று சார்ந்தவை.

தமிழ்நாட்டுச் சர்க்காருக்கு வேகம் இல்லை என்று சொல்லமாட்டோம். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற சாயம் கலந்திருக்கக் கண்டதும், உடனே அதற்குத் தடை விதித்தது. கடற்கரையில் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு விற்கும் ஏழையின் சரக்கு ஒரே வாரத்தில் மறைந்தது. விஷச் சாயத்தைத் தடுத்தது முற்றிலும் சரி. ஆனால் விஷச் சாயத்துக்கு ஒரு நீதி, மெல்லக் கெடுக்கும் பண்டத்துக்கு மற்றொரு நீதி. தோளில் சுமந்து விற்பவனுக்கு ஒரு வேகம், ஆலை வைத்து விற்பவனுக்கு மற்றொரு வேகம் என்று ஜனங்கள் எண்ண இடம் கொடுக்கலாகாது.

நாம் கேட்பது தடையன்று. எவர் கையிலிருந்தும் பொட்டலத்தைப் பிடுங்க நாம் சொல்லவில்லை. முதலாவது, நட்சத்திரம் வேண்டாம்; தெளிவான எச்சரிக்கை முத்திரை வேண்டும். தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் எக்கட்சியினராயினும் பார்லிமெண்டில் ஒருமுகமாக இதைக் கேட்கவேண்டும். இரண்டாவது, முத்திரை வரும்வரையில் காத்திராமல், செங்கற்பட்டு ஜில்லா நிர்வாகம் ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலிலும் 50 மீட்டர் எல்லையைக் கோடு போட்டுக் காட்டி, அந்த விதியைத் தமிழில் எழுதிப் பலகை வைக்கவேண்டும். குளிர்பானம், சிப்ஸ், நூடுல்ஸ் என்று பெயர் சொல்லி ஒரு ஜாபிதா ஒட்டினால் வீண் வாதம் இராது. மூன்றாவது, அந்த எல்லைக்குள் பிழைக்கும் சிறு கடைக்காரர்களைத் தண்டிக்காமல், வேர்க்கடலை, சுண்டல், வாழைப்பழம், நுங்கு, பனங்கிழங்கு, கேழ்வரகுக் கூழ், மோர் ஆகியவற்றை விற்க அவர்களுக்கு உதவி செய்யவேண்டும். செங்கற்பட்டுச் சீமையின் வயலும் பனங்காடும் இவற்றைக் குறைவின்றிக் கொடுக்கின்றன. மாமல்லபுரத்தில் கோயில்களைக் காண வரும் கூட்டத்துக்கும் இவற்றையே முன்வரிசையில் வைத்தால், ஊராருக்குப் பிழைப்பும் வருவோருக்கு நல்ல உணவும் கிடைக்கும்.

பழைய சோற்றைக் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்தால் குணம் உண்டாகுமா என்று சென்னை ஸ்டான்லி வைத்தியக் கல்லூரியில் ஆராயப் புகுந்தார்கள். முடிவு எதுவாயினும் விஞ்ஞான முறைப்படி வரட்டும். நாம் முன்கூட்டிச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நம் அடுப்படியில் உள்ளதையும் ஆராய்ச்சிக்கு உரியதாக மதிக்கும் மனப்பான்மை பிறந்திருப்பது நல்ல அறிகுறி. சோற்றுப் பானைக்கு விளம்பரம் செய்ய எந்த ஆலையும் இல்லை. ஆதலின் அதற்காகப் பேசும் கடமை வைத்தியர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், பத்திரிகைகளுக்கும் உரியதாகிறது.

அடுத்த பள்ளி ஆண்டு பிறப்பதற்குள் செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலிலாவது அந்த 50 மீட்டர் கோடு போடப்பட்டிருக்கவேண்டும். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம்; பெரிய பணமும் வேண்டாம். ஒரு வாளிச் சுண்ணாம்பும், கோட்டை மதிக்கச் செய்யும் உறுதியும் போதும். பெற்றோர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடமும் பஞ்சாயத்திலும் இதைக் கேட்கலாம்; கேட்கவேண்டும். சட்டம் ஏற்கெனவே அவர்கள் பக்கம் இருக்கிறது.